ஏழாவது கையெழுத்து

அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக எழுத்தர் வேலை பார்க்கும் பெண்மணிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சீல் அம்மா. சான்றிதழோ, விடுப்புக் கடிதமோ, எதுவாக இருந்தாலும் அவர் மேஜையில் வந்து சீல் வாங்காமல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போக முடியாது. அவர் சீலைக் கோணலாகக் குத்தி யாரும் பார்த்ததில்லை. கோணலாகக் குத்துகிறவர்களை அவர் மனிதர்களாக மதிப்பதும் இல்லை.

அவருக்கு அதே பள்ளியில் பத்தாவது படிக்கும் ஒரு மகள். எதற்கெடுத்தாலும் "ஒரு பாயின்ட்" என்று விரலைத் தூக்குவாள். அதனால் வகுப்பில் அவள் பெயரே பாயின்ட் ஆகிவிட்டது. அம்மா அலுவலகத்தில் இருக்கிறார் என்று சலுகை எடுத்துக்கொள்ள மாட்டாள். கடிதத்தில் சீல் வேண்டுமென்றால் எல்லோரையும் போல ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று, "மேடம், ஒரு சீல்" என்பாள். அம்மாவும் முகத்தை நிமிர்த்தாமல் குத்திக் கொடுப்பார். வீட்டுக்குப் போனதும் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வீட்டில் மூன்றாவது ஆள் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். பாயின்ட்டின் சமூக அறிவியல் ஆசிரியர் வகுப்பில் எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடுகிறவர். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்குக்கூடப் பிள்ளைகள் கை தூக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பாயின்ட் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, ஃபேனை எத்தனையில் வைப்பது, எல்லாம் ஓட்டுதான். மூன்று பேர் வீட்டில் அம்மாவும் மகளும் ஒரு பக்கம் நின்றுவிட்டால் அப்பாவின் கதி என்ன? இரண்டு வருஷமாக அவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இந்த வீட்டில் தான் நிரந்தர எதிர்க்கட்சி என்று வேலை பார்க்கும் இடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வருஷா வருஷம் பத்தாவது பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒரு கையேடு அச்சடிக்கும். பதினொன்றாவதில் சமூக அறிவியலில் என்னென்ன பாடம் உண்டு, எதில் என்ன படிக்கலாம் என்ற விவரம் அதில் இருக்கும். வரலாறு, புவியியல், பொருளாதாரம், சமூகவியல், குடிமையியல் என்று ஐந்து பாடம், பாடத்துக்கு ஒரு பக்கம். தட்டச்சு செய்வது சீல் அம்மாதான். ஒரே வரிகளை இத்தனை வருஷமாக அடித்து அடித்து, அவர் விரலுக்குத் தெரிந்த அளவுக்கு அவர் மனசுக்குத் தெரியாது.

அந்த வருஷம் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டுக் குடிமையியல் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். தலைமையாசிரியர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கெட்டவர் இல்லை. ஆனால் அவசரக்காரர். மாடிப்படி இரண்டிரண்டாக ஏறுவார். பெற்றோர்கள் வணிக மேலாண்மை கேட்கிறார்கள், முந்தின நாள் கூட்டத்தில்தான் குடிமையியலைப் பாடக்குழு நிறுத்திவிட்டதே, அந்த இடத்தில் இதைப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

சீல் அம்மா மேஜைக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். அழிப்பதற்கு முன்னால், ஏனோ, முதல் முறையாக அதைப் படித்தார். "ஒரு முடிவை யார் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள், அது சரியாக எடுக்கப்பட்டதா என்று கேட்பது எப்படி என்பதை இந்தப் பாடம் கற்பிக்கும்." இருபத்திரண்டு முறை அடித்த வரி. அவர் வீட்டில் இந்தப் பக்கத்துக்காகவே ஒருத்தி இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். பாயின்ட் சட்டம் படிக்கப் போகிறவள். அக்கம்பக்கத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் இந்தப் பாடம் கிடையாது.

வேலை என்றால் வேலை. பக்கத்தை எடுத்தார். செய்தியை வீட்டில் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பாயின்ட் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி இரண்டு நாள் வீட்டில் எதையுமே ஓட்டுக்கு விடவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பாடம் வேண்டும் என்று, தன்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பிள்ளைகளின் கையெழுத்தை வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தாள். அவர் நல்ல விதமாகத்தான் பேசினார். குழு முடிவெடுத்தால் தானே நினைத்தாலும் மாற்ற முடியாது என்றார். வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, குழுவினரும் வருவார்கள், கேள்வி இருந்தால் அங்கே கேட்கலாம், மறுநாள் காலையில் கையேடு அச்சுக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

அன்று மாலை பாயின்ட் பழைய கையேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாருமே படிக்காத பக்கம் அது. பொடி எழுத்தில் விதிகள். ஒரு பாடத்தை நிறுத்த வேண்டுமானால் தலைமையாசிரியரையும் சேர்த்துப் பதினொரு பேர் கொண்ட பாடக்குழுவில் குறைந்தது ஏழு பேர் வந்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தைக் கேட்ட மாணவர் இருந்தால் அவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும்.

"அம்மா, பாடத்தை நிறுத்தின அன்னைக்குக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த சீல் அம்மா தலையைத் தூக்காமலேயே ஏழு பேர் என்றார். கூட்டக் குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, எழுதியதே நான்தான் என்றார். மாணவர்கள் கேட்டதே கூட்டத்துக்குப் பிறகுதான், ஆள் கணக்கும் சரி என்றால் வழி இல்லை என்று மகள் கையேட்டை மூடிவிட்டாள்.

ஆனால் அம்மாவின் கை நின்றுவிட்டது. அன்று கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது அவருக்கு நினைவு வந்தது. குறிப்பை அவர் எழுதியதும் நிஜம்தான். ஆனால் பதிவேட்டைப் பார்த்து ஏழு என்ற எண்ணைச் சொன்னது தலைமையாசிரியர்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று முதல் பதினைந்து வரை எண்கள் அச்சிட்டிருக்கும். வந்தவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். எல்லோரும் போட்ட பிறகு, அடுத்து எந்த எண் காலியாக இருக்கிறதோ அதில், குறிப்பு எழுதியவர் என்ற முறையில் சீல் அம்மா தன் கையெழுத்தைப் போடுவார். முதல் நாள் இடம் தெரியாமல் போட்டது, அப்படியே பழகிவிட்டது. பழைய தலைமையாசிரியருக்கு இது தெரியும். கடைசி எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்வார். புதியவருக்கு அதை யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்தைத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வரை குழு உறுப்பினர்கள். ஏழாவது எண்ணுக்கு நேராக, கொஞ்சமும் கோணாமல், அவருடைய கையெழுத்து.

பெற்ற மகளின் பாடத்தைத் தன் கையாலேயே நிறுத்தியிருக்கிறார். இதில் இன்னொன்றும் இருந்தது. தலைமை எழுத்தர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்குச் சீல் அம்மாவின் பெயரைப் பரிந்துரைக்கும் கடிதம் தலைமையாசிரியரின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. பெற்றோர் கூட்டம் முடிந்ததும் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தையும் அடித்தது சீல் அம்மாதான். "இத்தனை ஆண்டுகளில் ஒரு பிழையும் செய்யாதவர்" என்று தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல, கூச்சத்தோடு தானே அடித்த வரி அதில் இருந்தது.

நாள் முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. மூன்று விடுப்புக் கடிதங்களில் சீல் கோணலாக விழுந்தது.

வீட்டுக்கு வந்து, காய்ந்த துணியை மூன்று பேருமாக மடித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தை உடைத்தார். சொல்லி முடிக்கும் வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

பாயின்ட்டுக்கு முதலில் கண் விரிந்தது. வழி கிடைத்துவிட்டது என்று புரிந்த அந்த நொடியிலேயே அந்த வழி யார் மேல் போகிறது என்பதும் புரிந்தது. விரிந்த கண் அடங்கிவிட்டது.

"நான் கேக்க மாட்டேம்மா. நான் பொருளாதாரமே எடுத்துக்கறேன். அதுவும் நல்ல பாடந்தான்."

விதி, நியாயம் என்று ஊரையே உலுக்குகிற பெண். அம்மாவுக்காக வாயை மூடிக்கொள்கிறேன் என்கிறாள். பெருமையும் வெட்கமும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி எதைச் சமாளிப்பாள்?

லிஃப்ட்காரர் மடித்த சட்டையைக் கீழே வைத்தார். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓட்டு உண்டே, இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்.

"சொல்லிடறதுன்னு நான் கை தூக்கறேன். லிஃப்ட்டுல ஒரு போல்ட் லூசுன்னு எனக்குத் தெரிஞ்சா, அதைப் போட்டது நானேன்னாலும் சொல்லித்தான் ஆகணும்."

பாயின்ட் கூடாது என்று கை தூக்கினாள். ஒன்றுக்கு ஒன்று. இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தலையணை உறையை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். அந்த ஓட்டு அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளியின் கூட்ட அறையில் நாற்காலி போதாமல் பெற்றோர்கள் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் பாடக்குழு. அன்று பதினொரு பேரில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். நடுவில் பதினெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். பாயின்ட் எழுந்து கேட்பாள், நாம் பின்னால் நிற்போம் என்று அவர்களுக்குள் பேச்சு. அவள் மனசு மாறியது அவர்களுக்குத் தெரியாது. கடைசி வரிசையில் வேலை உடுப்போடு லிஃப்ட்காரர். ஓரமாக ஒரு சின்ன மேஜையில், குறிப்பு நோட்டும் பேனாவுமாகச் சீல் அம்மா.

தலைமையாசிரியர் புதிய கையேட்டைப் பற்றிப் பேசினார். வணிக மேலாண்மையின் அருமை பெருமைகளைச் சொன்னார். குடிமையியலைக் குழு முறைப்படி நிறுத்திவிட்டது என்று ஒரே வரியில் தாண்டினார். பிறகு பதினெட்டுப் பேர் பக்கம் திரும்பி, பிள்ளைகள் ஏதோ கேட்க வேண்டும் என்றார்களே என்றார்.

பதினேழு தலைகள் பாயின்ட் பக்கம் திரும்பின. அவள் எழுந்தாள். வழக்கமான விரல் மேலே எழவில்லை.

"ஒன்னும் இல்ல சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைக் கிள்ளினாள். பாயின்ட் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்து மேஜையில் சீல் அம்மாவின் பேனா பழக்கத்தில் ஓடியது. "மாணவர் தரப்பில் கேள்வி எதுவும் இல்லை." எழுதி முடித்துவிட்டு அதைப் பார்த்தார். அது பொய். கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு அவர் பெற்ற பெண் அங்கே குனிந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நோட்டில் அவர் தெரிந்து ஒரு பொய்யை எழுதியதில்லை. அதை இன்றைக்கா ஆரம்பிப்பது?

பேனாவை மூடினார். எழுந்து நின்றார்.

அந்த மேஜையிலிருந்து ஓர் ஆள் எழுந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குத் தண்ணீர் வேண்டுமோ என்று ஒருவர் சொம்பைத் தேடினார்.

"சார், குடிமையியலை நிறுத்தின அன்னைக்கு வந்தது ஆறு பேர்தான். ஏழாவது கையெழுத்து என்னோடது. நான் உறுப்பினர் இல்ல, குறிப்பு எழுதறவ. கையெழுத்தைப் போடக் கூடாத இடத்துல போட்டுட்டேன். தப்பு என்னோடது."

தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். சீல் அம்மா அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பார்த்தால் தெரியும், எழுந்திருப்பதா வேண்டாமா என்று அவருக்குத்தான் சந்தேகம் இருந்ததே தவிர, அவர் கைக்கு இருக்கவில்லை.

தலைமையாசிரியர் விரலை வைத்து எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். குழுவில் இருந்த பல் டாக்டர் ஒருவர் நிதானமாக வாயைத் திறந்தார். "ஆறு பேர்தாங்க. அன்னைக்குச் சரியான மழை. எனக்குப் பக்கத்து நாற்காலியில என் குடைதான் உக்காந்திருந்துச்சு." முதல் சிரிப்பு அங்கே வெடித்தது. அதில் தலைமையாசிரியரும் சேர்ந்துகொண்டதைச் சொல்லத்தான் வேண்டும். சிரித்து முடித்ததும், அப்படியானால் அது முடிவே இல்லை, குடிமையியல் நிற்கவே இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். பிறகு, இன்று பத்துப் பேர் இருக்கிறோம், இப்போதே முறைப்படி ஓட்டெடுத்துவிடலாமா என்று குழுவைக் கேட்டார். அவசரக்காரர் என்று சொன்னேன் அல்லவா.

"சார், ஒரு பாயின்ட்."

விரல் மேலே எழுந்துவிட்டது. பதினேழு பேரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். ஓட்டுக்கு முன்னால் மாணவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று விதி சொல்கிறது என்றாள் பாயின்ட். கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் குழுவின் முன்னால் வைத்தாள். தலைமையாசிரியர் படித்துவிட்டு, பேசம்மா என்றார்.

மனசு மாறுவதற்கு முன்னால் எழுதி வைத்திருந்த பேச்சு எங்கோ வீட்டில் கிடந்தது. அவள் கண் ஓரத்து மேஜைக்குப் போனது. அம்மா மறுபடி உட்கார்ந்து பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார், மகள் சொல்வதில் ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது என்று.

"வணிகப் பாடம் வேணாம்னு நாங்க சொல்லல சார். அதுவும் இருக்கட்டும். ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனையோ பெரியவங்க இருக்கீங்க. ஒரு முடிவு தப்பா எடுத்திருக்குன்னு இத்தனை நாளா ஒருத்தருக்கும் தெரியல. அதைக் கேக்கறது எப்படின்னு சொல்லித் தர்ற பாடத்தைத்தான் சார் நீங்க நிறுத்தினீங்க."

அவ்வளவுதான் பேசினாள். உடனே உட்கார்ந்துவிட்டாள். கைதட்டலை ஆரம்பித்தது யார் என்று தெரியவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் தான் இல்லை என்று பிறகு சத்தியம் செய்தார். அவர் தூணுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததை மட்டும் பலர் பார்த்தார்கள்.

ஓட்டு நடந்தது. குடிமையியலை நிறுத்தலாம் என்று மூன்று கைகள். தொடரட்டும் என்று கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பல் டாக்டர் கை முதலில். சீல் அம்மா எழுந்து நின்றே எண்ணினார். நான்கு, ஐந்து, ஆறு. கடைசியாக, கொஞ்சம் தாமதித்து, தலைமையாசிரியர் தன் கையைத் தூக்கினார்.

ஏழு. இந்த முறை அசல் ஏழு.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற காவலாளி உள்ளே ஓடி வந்தார். பாயின்ட்டைத் தூக்காத குறை. பின்வரிசையில் லிஃப்ட்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஓட்டு முடிந்துவிட்டது, பெற்றோருக்கு ஓட்டு இல்லை என்று பக்கத்து ஆள் சொல்லியும் இறக்கவில்லை. இது வேறு ஓட்டு, வீட்டில் நிலுவையில் இருந்தது, இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் ஜெயித்திருக்கிறேன் என்று அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வரிசைக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் அது கேட்டது.

அத்தனை ஆரவாரத்துக்கு நடுவிலும் சீல் அம்மாவுக்கு வேலை இருந்தது. மாணவர் தரப்பில் கேள்வி இல்லை என்ற வரியை ஒரே கோடாக அடித்தார். அதற்குக் கீழே எழுதினார்: "எழுத்தர் எழுந்து, ஏழாவது கையெழுத்து தன்னுடையது என்று தெரிவித்தார்." நோட்டில் தன்னைப் பற்றி அவர் எழுதிய முதல் வரி அதுதான். பிறகு வருகைப் பதிவேட்டில் பத்துக் கையெழுத்துக்குக் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் குறிப்பு எழுதியவர் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

தலைமையாசிரியர் அந்தக் கோட்டைப் பார்த்தபடி பக்கத்தில் வந்து நின்றார். முதல் நாளே தனக்கு இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். நீங்கள் மாடிப்படியில் நின்றால்தானே சார் சொல்ல முடியும் என்று சீல் அம்மா சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். தலைமையாசிரியருக்கோ சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பரிந்துரைக் கடிதத்தை எடுத்தார். ஒரு பிழையும் செய்யாதவர் என்ற வரியைப் பேனாவால் அடித்தார். அந்த இடத்தில் எழுதினார்: "தன் பிழையைத் தானே எழுந்து நின்று சொன்னவர்." திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டி, இதைத் திருத்தி அடித்துக் கொண்டுவாருங்கள் மேடம் என்றார். சீல் அம்மா அதை வாங்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

சனிக்கிழமை காலையில் கையேடு அச்சுக்குப் போனது. பழைய ஐந்தோடு வணிக மேலாண்மையும் சேர்ந்து ஆறு பாடம். குடிமையியல் பக்கத்தை சீல் அம்மா மறுபடி அடித்தபோது, ஒரு முடிவை யார் எடுக்கிறார்கள் என்ற வரிக்கு வந்ததும் விரல் தானாக மெதுவாகியது.

அடுத்த வாரம் பத்தாவது பிள்ளைகள் பாடத் தேர்வுப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலில் வரிசை கட்டினார்கள். பாயின்ட் பதினொன்றாவது ஆளாக நின்றாள். முறை வந்ததும் படிவத்தை உள்ளே நீட்டினாள். குடிமையியல் என்று எழுதியிருந்தது. கீழே மூன்று கோடுகள்: மாணவர், பெற்றோர், அலுவலகம். மாணவர் கோட்டில் மட்டும் கையெழுத்து இருந்தது.

"மேடம், ஒரு சீல். அப்புறம் ரெண்டு கையெழுத்து. எது எங்கேன்னு பார்த்துப் போடுங்க."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். சீல் அம்மா சிரிக்காமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மூன்று கோடுகளையும் ஒரு முறை விரல் வைத்துப் படித்தார். பிறகு, பெற்றோர் என்ற கோட்டில் முதலில் போட்டார்.